ஏற்காடு ஏரியைக் காப்பது யார், யாருக்காக?
கரையோர மக்களுக்கான சட்டமும் செயல்முறையும்

ஏற்காடு என்ற பெயருக்குள்ளேயே ஏரியும் இருக்கிறது, காடும் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலையின் நடுவே, சுற்றிலும் சரிவுகள் சூழ ஒரு கிண்ணத்தின் அடிப்பகுதியைப் போல அமைந்துள்ளது அந்த ஏரி. சரிவில் எங்கு நீர் ஊற்றப்பட்டாலும் அது இறுதியில் ஏரியை நோக்கியே வரும். ஏரி நிரம்பினால் உபரி நீர் ஓடையாக வழிந்து, ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள கிளியூர் அருவியாகப் பள்ளத்தாக்கில் விழுகிறது. மேலே குளிப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் வெளியேறும் நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஏற்காட்டின் நில அமைப்பே விடை சொல்லிவிடுகிறது. அது ஏரிக்குப் போகிறது. ஏரியிலிருந்து கீழே வாழ்பவர்களிடம் போகிறது.

விடுதிகளிலிருந்தும் குடியிருப்புகளிலிருந்தும் கழிவுநீர் ஏரியில் கலக்கிறது என்பது ஏற்காட்டில் பல ஆண்டுகளாக எழுந்துவரும் புகார். இந்தப் புகார் வலுக்கும்போதெல்லாம் அரசு எந்திரம் இரண்டில் ஒன்றைச் செய்வதைத் தமிழ்நாடெங்கும் காண்கிறோம். ஒன்று, 'அழகுபடுத்தல்' என்ற பெயரில் கரையைச் சுற்றிக் கான்கிரீட் சுவரும் நடைபாதையும் அமைப்பது. மற்றொன்று, 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்ற பெயரில் கரையில் குடிசை போட்டிருக்கும் ஏழைகளுக்கு நோட்டீசு கொடுப்பது. இவ்விரண்டினாலும் நீர் தூய்மை அடைவதில்லை. ஏரி எவ்வாறு கெடுகிறது, கரையோர மக்கள் தாமே எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யும்படி சட்டத்தின் வழியாக மற்றவர்களைக் கட்டாயப்படுத்தலாம், ஏரிப் பாதுகாப்பு என்ற முழக்கம் தலித், பழங்குடி மக்களுக்கு எதிரான ஆயுதமாக மாறாமல் எவ்வாறு தடுக்கலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரையோரவாசி என்பவர் யார்?

சுற்றுச்சூழல் குறித்த கையேடுகள் 'ஏரிக்கரைவாசிகள்' என்று எழுதும்போது ஏரியைப் பார்த்தவாறு சன்னல் வைத்த வீட்டின் உரிமையாளரையே மனத்தில் கொள்கின்றன. ஏற்காட்டில் அத்தகையோர் உண்டு. தங்கும் விடுதிகளும் செல்வந்தர்களின் ஓய்வில்லங்களும் உண்டு. ஆனால் ஏரியோடு வாழ்பவர்கள் அவர்கள் மட்டுமல்லர். படகுத் துறையிலும் கடைகளிலும் உழைப்பவர்கள், விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், காபித் தோட்டங்களின் லயன் வீடுகளில் வாழும் கூலித் தொழிலாளர்கள், ஓடை செல்லும் வழியில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் ஆகிய அனைவரும் அந்த நீரோடு பிணைக்கப்பட்டவர்கள்.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு வரலாறு உண்டு. 1820ஆம் ஆண்டு வாக்கில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிப் பயிரை அறிமுகப்படுத்தினார். தொடர்ந்து வந்த தோட்டப் பொருளாதாரத்தில் மலையின் வளமான நிலங்கள் தனியார் எஸ்டேட்டுகளாயின. மலையின் தொல்குடிகள் அந்த எஸ்டேட்டுகளுக்கு அப்பால் ஒதுங்க நேர்ந்தது. நிலமற்ற உழைப்பாளிகள் லயன்களில் அடைக்கப்பட்டனர். ஏற்காடு இன்று பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. ஆயினும் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியும் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கப்படவில்லை. எனவே, பட்டியல் பகுதிகளின் கிராம சபைகளுக்கு நிலம், நீர் மீது அதிகாரம் வழங்கும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் இங்கே செல்லுபடியாவதில்லை. சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் இருப்பார். தம் ஊரின் நீர்நிலைமீது மக்களுக்கு உரிய பிடி இராது. இந்த இடைவெளியை நிரப்ப, இருக்கின்ற பிற சட்டங்களை நாம் தேடிப் பிடித்துப் பயன்படுத்த வேண்டியுள்ளது.

அழுக்கு ஏரிக்குள் நுழையும் வழிகள்

முதல் வழி, மலக்கழிவு. செப்டிக் தொட்டி என்பது கழிவைத் தூய்மையாக்கும் எந்திரம் அன்று. திடக்கழிவு அடியில் படிய, மேலே தெளியும் நீர் வெளியேறுகிறது. அந்த நீரில் நோய்க்கிருமிகளும் நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படியே இருக்கும். அது உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்கி, மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் வடிகட்டப்பட்டால்தான் தொட்டி தன் பணியைச் செய்ததாகும். சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. சரிவில் மண் மெலிந்த இடங்களில் உறிஞ்சுகுழி நீரை உறிஞ்சாது. நீர் பாறைமேல் வழிந்து ஓடையைச் சேரும். உறிஞ்சுகுழியே இல்லாமல் தொட்டியின் குழாயை நேராக மழைநீர் வடிகாலில் விடும் கட்டடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கோடை விழாவின்போதும் தொடர் விடுமுறைகளிலும் ஊரின் மக்கள்தொகை பல மடங்காகப் பெருகுகிறது. சிறிய குடும்பத்துக்கெனக் கட்டிய தொட்டி விடுதியின் தொட்டியாக மாறும்போது, கழிவு படிவதற்குரிய நேரமே கிடைப்பதில்லை.

இரண்டாம் வழி, குளியல், துவைத்தல், சமையல் ஆகியவற்றின் சாம்பல்நிற நீர். சோப்புத் தூளில் பாஸ்பேட் இருக்குமானால் அது ஏரிக்கு உரமாகிறது. மூன்றாவது, தோட்டங்கள். பெருமழையின்போது உரமும் பூச்சிக்கொல்லியும் மண்ணோடு கரைந்து வருகின்றன. காபி அறுவடைக் காலத்தில் பழத்தின் தோலை உரித்து, கொட்டையின் மேலுள்ள வழுவழுப்பைக் கழுவிய நீர் ஓடையில் விடப்பட்டால், அதிலுள்ள சர்க்கரையும் அமிலமும் நீரின் உயிர்வளியைத் தின்றுவிடும். நான்காவது, கட்டுமானம். சரிவை வெட்டி மனை போடும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் மண் அரித்து வந்து ஏரியின் ஆழத்தைக் குறைக்கிறது. ஐந்தாவது, பயணிகள் விட்டுச்செல்லும் குப்பை.

இவற்றால் நிகழும் கேட்டை ஒரு சங்கிலியாகப் புரிந்துகொள்ளலாம். பாஸ்பரசும் நைட்ரஜனும் மிகுந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் பெருகும். அவை மூடிய நீரில் ஒளி இறங்காது. மடிந்த பாசி அடியில் அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி தீரும். மீன்கள் செத்து மிதக்கும். ஆகாயத்தாமரையை இயந்திரம் கொண்டு அள்ளுவதோடு பணி முடிந்ததாகக் காட்டப்படுவதுண்டு. உரம் வரும் வாயை அடைக்காமல் செடியை மட்டும் அள்ளினால், அது மீண்டும் முளைக்கும். ஒப்பந்தமும் மீண்டும் முளைக்கும்.

நீர் எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது என்பதை அளக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த பயன்பாட்டுத் தரங்கள் உள்ளன. குளிப்பதற்கு உரிய நீரில் 100 மில்லிலிட்டருக்கு மொத்தக் கோலிஃபார்ம் 500க்கு மிகலாகாது. கரைந்த உயிர்வளி லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. உயிர்வேதி உயிர்வளித் தேவை 3 மில்லிகிராமுக்கு மிகலாகாது. மீன்களும் காட்டுயிர்களும் வாழக் கரைந்த உயிர்வளி 4 மில்லிகிராமேனும் வேண்டும். இந்த எண்களைச் செயற்பாட்டாளர்கள் மனத்தில் வைத்திருப்பது நல்லது. 'நீர் நன்றாகத்தான் இருக்கிறது' என்று அதிகாரி சொல்லும்போது, 'எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த நாளில், எந்த அளவு?' என்று கேட்க அவை உதவும்.

கரையின் உயிர்

நிலமும் நீரும் கலக்கும் ஈரமான விளிம்பே ஏரியின் கரை. நாணலும் கோரையும் சம்பும் வளரும் அந்த விளிம்பில்தான் மீன் முட்டையிடுகிறது. தவளை குஞ்சு பொரிக்கிறது. தும்பியின் இளமுயிரி வளர்கிறது. நீர்க்கோழி கூடு கட்டுகிறது. சரிவிலிருந்து வரும் மண்ணைத் தடுத்து நிறுத்துவதும், கழிவிலுள்ள சத்துகளை வேரால் உறிஞ்சிக்கொள்வதும் அந்தச் செடிகளே. அவற்றை 'புதர்' என்று வெட்டி, செங்குத்தான கற்சுவர் கட்டினால், சரிவில் வரும் அழுக்கு தடையின்றி நேராக நீரில் விழும். கரையேற முடியாத தவளையும் ஆமையும் மறையும். அலைகள் சுவரில் மோதித் திரும்பி அடிமண்ணைக் கலக்கும். கரையை அழகுபடுத்துவதாகச் சொல்லப்படும் திட்டங்கள் பல, ஏரி தனக்கெனக் கொண்டிருந்த வடிகட்டியை அப்புறப்படுத்தும் திட்டங்களே.

கரையோரக் குடும்பங்கள் செய்யக்கூடியவை

தம் கையிலுள்ள இடத்தில் கரையோரவாசிகள் செய்யக்கூடிய பணிகள் எளியவை. அவற்றுள் சிலவற்றுக்குச் செலவே இல்லை.

1. ஏரியையோ ஓடையையோ ஒட்டிய நிலத்தில் சில மீட்டர் அகலத்துக்கேனும் செடிகொடிகளை வெட்டாமல் விடுதல். வெட்டப்பட்ட இடத்தில் அந்த மண்ணுக்குரிய நாணல், கோரை, மரங்களை மீண்டும் வளர்த்தல். அந்தப் பட்டையில் உரமோ பூச்சிக்கொல்லியோ இடாதிருத்தல்.

2. வீட்டின் சாம்பல்நிற நீரை ஓடையில் விடாமல் வாழை, சேம்பு, கல்வாழை நட்ட பாத்தியில் விடுதல். பாஸ்பேட் இல்லாத சோப்புத் தூளைப் பயன்படுத்துதல். வாகனங்களை ஏரிக்கரையிலோ ஓடையிலோ கழுவாதிருத்தல்.

3. செப்டிக் தொட்டியின் வெளியேறு குழாய் எங்கே முடிகிறது என்று கண்டறிதல். உறிஞ்சுகுழி இல்லையெனில் அமைத்தல். பாறை காரணமாக உறிஞ்சுகுழி இயலாத இடங்களில், பல வீடுகள் சேர்ந்து நாணல் படுகை அமைத்துத் தருமாறு உள்ளாட்சியிடம் கோருதல்.

4. தொட்டியை இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தியைக் கொண்டு காலி செய்தல். அள்ளிய கழிவு எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்டறிதல்.

5. வளர்ப்பு மீன்களையும் ஆமைகளையும் ஏரியில் விடாதிருத்தல். அயல் உயிரினங்கள் உள்ளூர் மீன்களை அழிக்கும்.

நான்காவது பணியைப் பற்றித் தனியே ஒரு சொல். தொட்டியைக் 'காலி செய்தல்' என்ற சொற்றொடருக்குள் ஒரு மனிதர் மறைக்கப்படுகிறார். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் பணியாளர் நியமனத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்பற்ற முறையில் சாக்கடையையோ மலத்தொட்டியையோ சுத்தம் செய்ய எவரையும் ஈடுபடுத்துவதைத் தடை செய்கிறது. பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ கையால் மலம் அள்ளச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். இத்தகைய மரணங்களுக்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஏரியைத் தூய்மையாக வைத்திருக்கும் முயற்சி ஒரு தலித் தொழிலாளியைத் தொட்டிக்குள் இறக்குமானால் அது பாதுகாப்பே ஆகாது. விடுதிகளைக் கண்காணிக்கும் எந்தக் குழுவும் குழாயோடு சேர்த்து இதையும் கண்காணிக்க வேண்டும்.

சட்டம் தரும் கருவிகள்

வீட்டளவில் செய்யும் முயற்சிகள் தேவையானவை. ஆனால் ஒரு பெரிய விடுதி ஒரு நாளில் விடும் கழிவை நூறு குடும்பங்களின் வாழைப் பாத்தி ஈடு செய்ய முடியாது. அங்கே சட்டம் வேண்டும்.

நீர் (மாசு தடுப்பு மற்றும் கட்டுப்பாடு) சட்டம், 1974. இச்சட்டம் 'ஓடை' என்று வரையறுப்பதில் ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலைகளும் அடங்கும். 24ஆம் பிரிவு, மாசுப்பொருளை அறிந்தே நீர்நிலையில் விடுவதைத் தடை செய்கிறது. 25ஆம் பிரிவின்படி கழிவுநீரை வெளியேற்றும் நிறுவனம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை பெற வேண்டும். 33ஏ பிரிவு, நிறுவனத்தை மூடவும் அதன் மின்சாரத்தையும் குடிநீரையும் துண்டிக்கவும் ஆணையிடும் அதிகாரத்தை வாரியத்துக்கு அளிக்கிறது. அதிகாரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துமாறு எழுத்தில் கோருவதும், பயன்படுத்தாததற்குக் காரணம் கேட்பதும் நம் பணி.

பொதுத்தொல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவாக இருந்தது. பொதுத்தொல்லையை அகற்றுமாறு நிர்வாக நடுவர் ஆணையிட இது வழிசெய்கிறது. இதன் ஆற்றலைக் காட்டியது 1980ஆம் ஆண்டின் ரத்லம் நகராட்சி வழக்கு. மத்தியப் பிரதேசத்தில் சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த ஒரு பகுதி மக்கள், வடிகால் அமைத்துத் தருமாறு நகராட்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. நிதி இல்லை என்று நகராட்சி சொன்னது. நிதியின்மையைக் காட்டி அடிப்படைக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்று நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். சாக்கடை வசதியற்றுத் தவிக்கும் லயன் குடியிருப்புகளுக்கும் காலனிகளுக்கும் இன்றும் பொருந்தும் தீர்ப்பு இது.

தேசிய பசுமைத் தீர்ப்பாயம். 2010ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த இத்தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. வழக்கறிஞர் இல்லாமலும் நேரில் வாதிடலாம். இழப்பீடு கோராத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்குக் கட்டணம் இல்லை. 14ஆம் பிரிவின்கீழ் வரும் மனுவை வழக்குக் காரணம் எழுந்த 6 மாதங்களுக்குள்ளும், இழப்பீடும் சீரமைப்பும் கோரும் 15ஆம் பிரிவு மனுவை 5 ஆண்டுகளுக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள்கள் கிடைக்கும். சாட்சியச் சட்டத்தின் விதிகள் இத்தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே மாணவர்கள் எடுத்த தேதியிட்ட ஒளிப்படங்களும் அளவீடுகளும் இங்கே மதிப்புப் பெறும். 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டிய வழக்குகளுள் ஒன்று, நம் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்தது குறித்த 1996ஆம் ஆண்டு வழக்கு என்பதை நினைவில் கொள்ளலாம்.

ஈரநில விதிகள், 2017. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தில் குப்பை கொட்டுவதும், தூய்மையாக்காத கழிவை விடுவதும், ஆக்கிரமிப்பதும் தடை. கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிலையான கட்டுமானம் எதுவும் கூடாது. அறிவிக்கை செய்யப்படாத ஈரநிலங்களுக்கும் இதே வகையான பாதுகாப்பு வேண்டும் என்ற நோக்கில், 2017இல் எம்.கே. பாலகிருஷ்ணன் வழக்கில் 2,01,503 ஈரநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் பாதுகாப்பை நீட்டித்தது. இந்த விதிகளில் ஒரு பொறி உண்டு. பாசனம், குடிநீர், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மனிதர் உருவாக்கிய நீர்நிலைகள் ஈரநிலம் என்ற வரையறைக்குள் வாரா. உதகை, கொடைக்கானல் ஏரிகள் ஆங்கிலேயர் காலத்தில் உருவாக்கப்பட்டவை. ஏற்காடு ஏரியோ இயற்கையாக அமைந்தது என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்கு வழக்காடுமன்றத்தில் மிகுந்த எடை உண்டு. படகுச் சவாரியைக் காட்டி, இது வெறும் பொழுதுபோக்கு ஏரி என்று யாரேனும் வாதிட்டால் அதை மறுப்பதற்குப் பழைய நில அளவை ஆவணங்களைத் திரட்டி வைத்திருக்க வேண்டும்.

இவற்றோடு, ஏற்காடு வட்டம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருகிறது. சரிவுகளில் கட்டப்படும் கட்டடங்களுக்கு உரிய ஒப்புதல் உள்ளதா என்பது தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கத்தக்க முதல் கேள்வி.

நீரைக் கெடுப்பதும் வன்கொடுமையே

தலித், பழங்குடி இயக்கங்கள் போதிய அளவு பயன்படுத்தாத ஓர் ஆயுதத்தை இங்கே வலியுறுத்த வேண்டும். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், நீரைப் பற்றி மூன்று இடங்களில் பேசுகிறது.

பிரிவு 3(1)(எக்ஸ்): பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்று, நீர்த்தேக்கம் அல்லது வேறெந்த நீராதாரத்தையும், அதன் வழக்கமான பயனுக்குத் தகுதி குறையும் வகையில் கெடுப்பது குற்றம். பிரிவு 3(1)(ஜி): அவர்களுடைய நிலம், நீர், பாசன வசதி ஆகியவற்றின் மீதான உரிமையில், வன உரிமை உட்பட, தலையிடுவது குற்றம். பிரிவு 3(1)(இசட்ஏ): பொதுச் சொத்துகளையும் ஆறு, ஓடை, குளம், குழாய் ஆகியவற்றையும் மற்றவர்க்கு நிகராகப் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை. கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியர் 4ஆம் பிரிவின்கீழ் பொறுப்பாவார்.

நீரைக் கெடுப்பது என்றவுடன் வேங்கைவயல் நம் நினைவுக்கு வரும். 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. ஆனால் குழாய் வழியாக, ஆண்டுக்கணக்கில், ஒரு நிறுவனம் பழங்குடிக் குடியிருப்பின் ஓடையில் மலக்கழிவை விடும்போது நாம் அதைச் 'சுற்றுச்சூழல் பிரச்சினை' என்று மட்டும் அழைத்துப் பழகிவிட்டோம். பிரிவின் சொற்கள் அத்தகைய வேறுபாட்டைச் செய்வதில்லை. குற்றம் சாட்டப்படுபவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவராக இருக்க வேண்டும். அந்த நீராதாரத்தை நம் மக்கள் வழக்கமாகப் பயன்படுத்துகின்றனர் என்பது மெய்ப்பிக்கப்பட வேண்டும். எனவே எந்தக் குடும்பங்கள் எந்த ஊற்றில், எந்த ஓடையில், எதற்காக நீர் எடுக்கின்றன என்ற பட்டியலை இப்போதே எழுதி, கிராம சபைத் தீர்மானமாகப் பதிவு செய்து வைப்பது பின்னாளில் வழக்கின் முதுகெலும்பாக அமையும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் துணை நிற்கிறது. நீர்நிலைகளின் மீன் முதலான விளைபொருள்கள் மீதான சமூக உரிமையை அது ஏற்கிறது. நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை 5ஆம் பிரிவு கிராம சபைக்கும் உரிமை பெற்றோருக்கும் வழங்குகிறது. பெசா இல்லாத தமிழ்நாட்டில், காட்டை ஒட்டிய ஊர்களுக்கு இதுவே வலுவான பிடி. இதற்கு முதலில் சமூக வன உரிமைக் கோரிக்கையைத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்

நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் எல். கிருஷ்ணன் வழக்கிலும், 2015இல் டி.கே. சண்முகம் வழக்கின் முழு அமர்விலும் அரசுக்குக் கடமை விதித்துள்ளது. நீர்நிலைகள் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஆணையை நிறைவேற்றும்போது முதலில் இடிக்கப்படுவது யாருடைய சுவர்? 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென வழங்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்கள் பறிபோன பிறகு, பட்டா நிலம் மறுக்கப்பட்டவர்கள் ஏரிக்கரைப் புறம்போக்கில் ஒதுங்கினர். அந்த ஒதுங்கலுக்குக் காரணமான சாதி அமைப்பு இன்று அதையே குற்றமாக்குகிறது. சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டனர் என்பதை மறக்கலாகாது. நீர்நிலையைக் காப்பதாகச் சொல்லி, மக்களை இன்னொரு நீர்நிலையின் ஓரத்தில் கொண்டுபோய் விட்டது அரசு.

பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று 2011இல் கண்டிப்பாகச் சொன்ன ஜக்பால் சிங் தீர்ப்பே ஒரு விதிவிலக்கையும் சொல்கிறது. நிலமற்ற தொழிலாளர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு அறிவிக்கையின்கீழ் குத்தகை வழங்கப்பட்டிருந்தால், அத்தகைய நேர்வுகளை முறைப்படுத்தலாம் என்பதே அது. நோட்டீசு பெற்ற குடும்பங்கள் இதைத் தம் விளக்கத்தில் குறிப்பிட வேண்டும். பழைய ஒப்படை ஆவணங்களையும் வரி, மின்கட்டண இரசீதுகளையும் இணைக்க வேண்டும். மாற்று வீடு பணியிடத்துக்கு அருகிலேயே வேண்டும் என்பதை முதல் மனுவிலேயே கோர வேண்டும். கணக்கெடுப்பு குடிசையிலிருந்து அன்று, ஏரியின் மூல எல்லையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு. அளவை சரியாக நடந்தால் விடுதியின் மதிற்சுவர் எங்கே நிற்கிறது என்பதும் தெரியவரும்.

எங்கிருந்து தொடங்குவது?

கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் ஓர் ஆண்டில் செய்து முடிக்கக்கூடிய வரிசை இது.

முதலில் வரைபடம். ஏரியில் கலக்கும் ஒவ்வொரு குழாயையும் வடிகாலையும் நடந்து கண்டு, எண்ணிட்டு, தேதியுடன் படம் எடுங்கள். மழைக்காலம், கோடை விழா, காபி அறுவடை என மூன்று பருவங்களில் திரும்பச் செய்யுங்கள்.

இரண்டாவது அளவீடு. ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சியும் கருவிப்பெட்டியும் வழங்க வேண்டும். உங்கள் ஊரில் அவர்கள் யார் என்று கேட்டு, அவர்களோடு சேர்ந்து ஓடைகளையும் சோதியுங்கள். நாம் எடுக்கும் மாதிரி குற்ற வழக்குக்குப் போதாது. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி வாரியம் எடுக்கும் மாதிரியே அங்கே சான்றாகும். ஆனால் வாரியத்தை வரவழைக்க நம் அளவீடு போதும்.

மூன்றாவது தகவல். 10 ரூபாய்க் கட்டணத்தில், 30 நாளில் விடை பெறக்கூடிய மனுக்கள்: எந்தெந்த விடுதிகளுக்கு வாரியத்தின் இசைவாணை உள்ளது? ஏரியின் நீர்ப் பரிசோதனை முடிவுகள் என்ன? ஈரநிலப் பட்டியலில் ஏரியின் பதிவு எவ்வாறு உள்ளது? புல எண்ணும் பரப்பும் எவை?

நான்காவது தீர்மானம். கிராம சபை கூடும் நாள்களில் மார்ச் 22, உலக நீர் நாள், ஒன்று. பேரூராட்சிப் பகுதியாயின் பகுதி சபையில் இதே தீர்மானத்தை முன்வைக்கலாம். நீராதாரப் பட்டியலையும் கழிவுக் குழாய்ப் பட்டியலையும் தீர்மானத்தோடு இணையுங்கள்.

ஐந்தாவது மனு. வாரியத்தின் மாவட்டப் பொறியாளர், கோட்டாட்சியர், ஆட்சியர் ஆகியோருக்கு எழுத்தில் மனு அளித்து ஒப்புகை பெறுங்கள். விடை இல்லையெனில் பசுமைத் தீர்ப்பாயம். சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி உண்டு. சேலம் மாவட்ட ஆணைக்குழுவில் அதை உரிமையாகக் கோருங்கள்.

நீர்மேல் உரிமை

1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடத் தீர்மானம் இயற்றியது. மகத் நகராட்சியும் தன் சவுதார் குளத்தைத் திறந்ததாக அறிவித்தது. ஆயினும் 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று நீரை அள்ளிப் பருகும்வரை அந்தத் தீர்மானம் தாளில்தான் இருந்தது. அதன் பிறகும் வழக்கு நடந்து, 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஒடுக்கப்பட்டோருக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கப் பத்தாண்டுகள் ஆயின. அந்தப் போராட்டத்தின் விளைச்சலே, கிணறு, குளம், படித்துறைகளில் பாகுபாடு கூடாது என்னும் அரசமைப்பின் 15(2)ஆம் பிரிவு.

அன்று நம் மக்கள் தொட்டால் நீர் தீட்டாகும் என்றனர். இன்று மற்றவர்களின் கழிவு நம் மக்களின் ஓடையில் விடப்படுகிறது. அதைத் தீட்டு என்று எவரும் சொல்வதில்லை. குளத்தில் இறங்கும் உரிமைக்கு அடுத்த படி, குளம் இறங்கத்தக்கதாக இருக்கும் உரிமை. 1991இல் சுபாஷ் குமார் வழக்கில், மாசற்ற நீர் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மகத் நாளுக்கும் நீர் நாள் கிராம சபைக்கும் இடையே இரண்டே நாள்கள். வரும் மார்ச் 20 அன்று ஏரியைச் சுற்றி நடந்து குழாய்களை எண்ணுவோம். 22 அன்று அந்த எண்ணிக்கையைச் சபையின் பதிவேட்டில் ஏற்றுவோம்.